லோன் போக மீதி



விருதுநகர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் இன்ஜினீயரிங் முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தோழி ஒருத்தியோடு சேர்ந்து பெருங்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். "மாசாமாசம் வாடகையாக் கொட்டிக் குடுக்கிற காசை லோனுக்குக் கட்டினா இருபது வருஷத்துல சொந்த வீடு ஆயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க, உங்க பத்திரிகையைத்தான் படிப்பா" என்கிறார்.

எழுதுகிறேன் அம்மா. ஆனால் முழுக்க உங்கள் கட்சியில் சேர்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படிப்பு முடித்து முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளிடம் நம் வீடுகளில் தவறாமல் சொல்லப்படுகிற வாசகம் இது. பையனாக இருந்தால் கூடவே இன்னொன்றும் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஆபீஸிலோ பக்கத்து சீட்டுக்காரர் ஃப்ளாட் புக் பண்ணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார். இருபத்தைந்து வயதில் மூன்று பக்கமிருந்தும் இடி.

போன தலைமுறைக்கு இந்த அவசரம் இல்லை. ரிட்டையர் ஆகும்போது வந்த பிஎஃப், கிராஜுவிட்டி பணத்தில் மனையில் செங்கல் இறக்கியவர்கள் அவர்கள். ஐம்பத்தெட்டு வயதில் கிரகப்பிரவேசம், அறுபதில் மொட்டை மாடியில் ஒரு ரூம். 1977-ல் ஹஸ்முக்பாய் பாரேக் ஐசிஐசிஐயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஹெச்டிஎஃப்சி என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தைத் தொடங்கியதன் காரணமே இதுதான்: சம்பாதிக்கிற வயதில் வீட்டில் குடியிருந்துகொண்டே அதன் விலையைக் கட்ட வழி வேண்டும் என்று நினைத்தார். நல்ல நினைப்பு. அது வேர்பிடித்து, இன்று ஆஃபர் லெட்டரின் மை காய்வதற்குள் "ப்ரீ-அப்ரூவ்டு லோன்" என்று போன் வருகிறது.

சரி, அந்த வாசகத்தை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

ஊரப்பாக்கம், ஆவடி, மாங்காடு மாதிரி ஒரு புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட புது ஃப்ளாட், விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் 15,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். வாங்கினால்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில்தான் வங்கி 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேலே போனால் 75. ஆக நம் ஃப்ளாட்டுக்கு 40 லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 34,713 ரூபாய். வாடகையைப் போல இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. "வாடகைக் காசை லோனுக்குக் கட்டினால்" என்பது முதல் வரியிலேயே உதைக்கிறது.

அந்த 34,713-ல் முதல் மாதம் வட்டிக்குப் போவது 28,333. அசலில் கழிவது 6,380 ரூபாய்தான். தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குப் போக ஆரம்பிப்பதற்கே கிட்டத்தட்ட 12 வருடம் ஆகும். 20 வருடம் முடிவில் 40 லட்சத்துக்குக் கட்டியிருப்பது 83 லட்சம் சொச்சம். வீட்டுக்காரருக்குக் கொட்டிக் கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் வங்கிக்குக் கொடுப்பதையும் அதே தராசில் வைக்க வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு "அப்போ வீடே வாங்கக் கூடாது என்கிறீர்களா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வாங்க வேண்டும். பிள்ளை யூகேஜி படிக்கும்போது "பையனுக்குக் கல்யாணம், ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்க" என்று ஹவுஸ் ஓனர் சொன்னால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்பது, ஊரிலிருந்து மாமியார் வந்து ஒரு மாதம் தங்கினால் "தண்ணி ஜாஸ்தி செலவாகுதே" என்று கேட்டுக்கொள்வது, இதற்கெல்லாம் எந்தக் கணக்கும் விலை போடாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். லோன் வாங்குவது இன்று சுலபம். லோன் போக மீதி இருக்கிறதே, அந்தக் கைக்காசு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குவோமா மாட்டோமா என்பது முடிவாகிறது. கல்லூரி முடித்த கையோடு கிடைக்கும் முதல் ஐந்து வருடத்தை அந்தக் கைக்காசுக்கு என்று ஒதுக்குங்கள் என்பேன்.

எவ்வளவு கைக்காசு? விளம்பரத்தில் இருக்காது, அதனால் நாமே கூட்டுவோம். வங்கி தராத 20 சதவீதம், 10 லட்சம். பத்திரச் செலவை வங்கி வீட்டு விலையில் சேர்த்துக்கொள்ளாது. வீட்டு விலை 10 லட்சத்துக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல், புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3 லட்சம். (50 லட்சத்தைத் தாண்டி 3 கோடி வரை மொத்தம் 7 சதவீதம். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு 7-ம் 2-ம் சேர்த்து 9.) கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் என்றால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி, அது ஒரு இரண்டரை லட்சம், முடிப்புச் சான்று வாங்கிய கட்டடத்துக்கு அது கிடையாது. அப்புறம் வக்கீல் ஃபீஸ், பத்திரம் எழுதுபவர், வங்கியில் பத்திரத்தை அடகு வைக்கும் ஆவணத்தைப் பதியும் செலவு, அசோசியேஷனுக்குக் கார்ப்பஸ் ஃபண்டு, மெயின்டெனன்ஸ் அட்வான்ஸ். சாவியை வாங்கிக் கதவைத் திறந்தால் ஃபேன் இல்லை, லைட் இல்லை, கிச்சனில் ஒரு ஷெல்ஃப் இல்லை, கொசுவலை அடிக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்பிட வேண்டும் என்று அப்பா நிற்பார். எப்படிச் சுருக்கினாலும் 16, 17 லட்சத்தில் வந்து நிற்கும்.

இந்தப் பள்ளத்தை நம்மவர்கள் எப்படி நிரப்புகிறார்கள்? பர்சனல் லோன். அம்மாவின் நகை. சித்தப்பாவிடம் கைமாற்று. ஏலம் போகிற சீட்டைத் தள்ளி எடுப்பது. பர்சனல் லோனை மட்டும் பாருங்கள்: 10 லட்சத்தை 13 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 22,750 சொச்சம். வீட்டுத் தவணையோடு கூட்டினால் 57,000-க்கு மேல். கணவனும் மனைவியும் சேர்ந்து 70,000 கையில் வாங்குகிறார்கள் என்றால் மிச்சம் 13,000-ல் சாப்பிட வேண்டும், பெட்ரோல் போட வேண்டும், தீபாவளி கொண்டாட வேண்டும். ஒருவருக்கு வேலை போனால் என்ன என்று நான் எழுதவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒருவர் இதை வேறு மாதிரி செய்தார். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். வாடகை 15,000. வீடு வாங்கினால் தவணை 35,000. அப்படியானால் வித்தியாசம் 20,000. வீட்டை அப்புறம் வாங்கலாம், தவணையை இப்போதே கட்ட ஆரம்பிப்போம் என்று முடிவெடுத்தார்கள். யாருக்குக் கட்டுவது? தனக்கே. வேறொரு வங்கியில் கணக்கு திறந்து, ஏடிஎம் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, சம்பளம் ஏறுகிற அன்றே அந்த 20,000 அங்கே போய்விடும்படி செய்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. வண்டி இன்ஜின் வேலை வந்தபோது அந்தக் கணக்கிலிருந்து 9,000 எடுத்தார்கள். நோட்டில் தேதி, தொகை, காரணம், இரண்டு பேர் கையெழுத்து. வளைகாப்புக்கு எடுத்தது, மாமனார் ஆஸ்பத்திரிக்கு எடுத்தது எல்லாம் அப்படியே. "வங்கிக்குத் தவணை தவறினால் அபராதம் போடுவான் சார், எங்களுக்குள்ள கையெழுத்து போடணும்ங்கிற வெக்கம்தான் அபராதம்" என்றார்.

அவர்கள் செய்ததில் இரண்டு லாபம். இருபதாயிரத்தை மாதாமாதம் அஞ்சலக ஆர்டியில் 6.7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஐந்து வருட முடிவில் 14 லட்சத்து 27 ஆயிரம் சொச்சம் வரும். மேலே கூட்டிய பள்ளத்தில் பெரும்பகுதி அதிலேயே நிரம்பிவிடும். பணத்தை விடப் பெரியது இன்னொன்று. 35,000 போன பிறகு மீதியில் குடும்பம் நடத்த முடிகிறதா என்பது வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால் 25,000 தவணைக்கு உரிய வீட்டைத் தேடலாம். கையெழுத்துப் போட்ட பிறகு மூச்சு முட்டினால் போக்கிடம் கிடையாது.

"ஐந்து வருடத்தில் வீட்டு விலை ஏறிவிடாதா?" என்ற கேள்வி வரும். ஏறும். சம்பளமும் ஏறும், ஏறுகிற சம்பளத்தில் பாதியையாவது அந்தக் கணக்குக்கே திருப்பிவிட வேண்டும். விலை ஏறுகிற பயத்தில் 13 சதவீத வட்டிக்குக் கைக்காசு புரட்டுவது, மழை வரப்போகிறது என்று கிணற்றில் இறங்கி ஒதுங்கிக்கொள்கிற மாதிரி.

சேமிப்பை எங்கே போடுவது என்று பலர் எழுதிக் கேட்கிறீர்கள். மூன்று நான்கு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்; ஆர்டி, எஃப்டி சலிப்பாகத்தான் இருக்கும், சலிப்பாகவே இருக்கட்டும். சீட்டு போடுவதாக இருந்தால் 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டாகப் பாருங்கள். தெருமுனைத் தீபாவளிச் சீட்டில் வீட்டுக் காசைப் போடாதீர்கள். பிஎஃப்பில் இருக்கும் பணத்தை வீட்டுக்காக எடுக்க வழி இருக்கிறது, ஆனால் வேலை மாறும்போதெல்லாம் அதைத் துடைத்து எடுத்துச் செலவழித்தவர்களுக்கு அந்த வழி இருந்தும் பயன் இல்லை. இருபத்து மூன்று வயதில் பிஎஃப்பைப் பழைய கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்கு மாற்றுவது வெறும் பத்து நிமிட வேலை. அதற்குச் சோம்பேறித்தனப்பட்டு மொத்தமாக எடுத்து போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

போன் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கல்விக் கடன் இருக்கிற பிள்ளைகள் முதலில் அதைப் பாருங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கட்ட வேண்டாம் என்பதால் பலர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள், வட்டி மட்டும் மறக்காமல் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு தவணை தவறினால் சிபில் ஸ்கோரில் தெரியும். 300-லிருந்து 900 வரை போகிற அந்த எண்ணில் 750-க்கு மேல் இருந்தால்தான் வங்கி மேலாளர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். கிரெடிட் கார்டில் "மினிமம் டியூ" மட்டும் கட்டுவது, நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது எல்லாம் ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடன் மேஜையில் வந்து உட்காரும்.

நகை பற்றி ஒரு வார்த்தை. அம்மா தன் வளையலைக் கழற்றிக் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. நம் ஊரில் முக்கால்வாசி அஸ்திவாரங்களில் ஒரு ஜோடி வளையல் இருக்கிறது. ஆனால் எழுதி வையுங்கள். எத்தனை பவுன், யார் கொடுத்தது, எப்போது திருப்புவது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போன நகை பத்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளையின் கல்யாணத்தில் பேச்சாக வெடிக்கும்.

அந்தத் தம்பி கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் வீடு பார்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். "ஏர்போர்ட்டிலிருந்து 20 நிமிடம்" என்கிற விளம்பரங்களில் அவர் மயங்கவில்லை. (இருபது நிமிடம்தான், ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால்.) டிசம்பரில், பெரிய மழை விட்ட மறுநாள் காலையில்தான் வீடு பார்க்கப் போவார். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தெருவில் புரோக்கர் ஃப்ளாட்டுக்குள் கூட்டிப்போய் டைல்ஸ் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் கீழே இறங்கிப்போய் அயர்ன்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேட்டதற்கு, அயர்ன்காரர் பேசாமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தள்ளுவண்டிப் பலகைக்கு மேலே ஒரு சாண் காட்டினாராம். 2023 மிக்ஜாம் புயலில்? பலகைக்குக் கீழே ஒரு முழம். எதிர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் புதுப் பெயின்டுக்கு அடியில் தண்ணீர் நின்ற கோடு லேசாகத் தெரிந்தது. புரோக்கர் மேலே இன்னும் மாடுலர் கிச்சனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தெரு வேண்டாம் என்றானது. இன்னொரு தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது வாசலில் மூன்று தண்ணீர் லாரி. அதுவும் வேண்டாம்.

கடைசியில் அவர்கள் பிடித்தது புது ஃப்ளாட் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, இரண்டாவது மாடி, விலை 40 லட்சம். பழைய கட்டடத்தில் வீடுகள் குறைவு, ஆகவே ஒவ்வொருவருக்கும் நிலத்தில் வரும் பிரிபடாப் பங்கு, அதாவது யுடிஎஸ், கூடுதல். கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. நான் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். முதல் வீடு வாங்குபவர்களில் பாதிப் பேர் ஜிம், நீச்சல்குளம் படம் பார்த்துவிட்டு, "ஆயிரம் சதுர அடி" என்பதில் காலடிக்குக் கிடைக்கிற கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்காமலே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். புதுக் கட்டடம்தான் வேண்டும் என்றால் 2016-ம் வருட ரேரா சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் ரேரா பதிவு எண் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. "ப்ரீ லாஞ்ச் ரேட், இந்த ஞாயிறு வரைக்கும்தான்" என்று யார் அவசரப்படுத்தினாலும் அடுத்த ஞாயிறு போய்ப் பாருங்கள்.

பழைய வீட்டின் உரிமையாளர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "பத்திரத்துல 28 லட்சம் போட்டுக்கலாம் தம்பி, மிச்சத்தைக் கையில குடுத்துடுங்க. உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். 28 லட்சத்துக்கு 90 சதவீதம் என்றாலும் 25 லட்சம் சொச்சம்; மீதிப் 15 லட்சத்துக்கு எங்கே போவது? தவிர, சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி தப்பு. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து உரிமையாளரே கூப்பிட்டு முழுத் தொகைக்கும் சம்மதித்தார். வேறு ஆள் அமையவில்லை போலிருக்கிறது.

காகிதங்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது. ஆனாலும் வில்லங்கச் சான்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று ஒவ்வொரு வரியிலும் பெயர்கள் வரும். முந்தைய வரியில் வாங்கியவர்தான் அடுத்த வரியில் விற்றவராக இருக்க வேண்டும். எங்காவது சங்கிலி அறுந்தால் நடுவில் ஒரு மரணமோ ஒரு பாகப்பிரிவினையோ இருக்கிறது என்று அர்த்தம், அங்கேதான் விரலை வைத்துக் கேட்க வேண்டும். அடமானம் வைத்த வரி இருந்தால் அதைத் தீர்த்த ரசீது வரி கீழே இருக்கிறதா? அப்பா காலமாகி மகன் விற்கிற வீடு என்றால் அக்கா தங்கைகள் கையெழுத்து எங்கே? பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. "அவங்களுக்கு அப்பவே நகை போட்டாச்சு" என்ற வாய் வார்த்தை கோர்ட்டில் நிற்காது. பவர் வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கியின் பணத்துக்குக் காவல். உங்கள் கைக்காசுக்கு நீங்களே ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், சில ஆயிரம்தான் ஆகும்.

மனையில் தொடங்கலாம் என்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தவணை முறையில் மனை வாங்கி, வீட்டைப் பிறகு கட்டிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டபோது, மாதாமாதம் ஆயிரம் இரண்டாயிரம் கட்டி வாங்கிய மனைகளை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை அந்த நாட்களில் வந்த வாசகர் கடிதங்களில் படித்தேன். பிறகு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து பலர் மூச்சு விட்டார்கள். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகார எண் இல்லாத லேஅவுட்டில், சாமி படம் போட்ட ஆர்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும், நுழையாதீர்கள்.

கடன் வாங்கிய பிறகு செய்ய வேண்டியது குறைவுதான், ஆனால் அதையும் பலர் செய்வதில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டின. 20 வருடக் கடன் சத்தமில்லாமல் 25, 30 என்று இழுத்துக்கொண்டது, பலருக்குத் தெரியவே இல்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. 2025-ல் ரெப்போ மறுபடி இறங்கியது. இறங்கும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பழைய தவணையையே கட்டுங்கள், காலம் குறையும். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் நம் 40 லட்சக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது. போனஸ் வரும் மாதத்தில் இது நினைவிருக்கட்டும்.

வரிச் சலுகைக்காக வீடு வாங்கச் சொல்பவர்களுக்கு: குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்சம் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2024-ல் புதுப்பிக்கப்பட்டது. குடும்பத்தின் வருட வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு கிடையாது, வாங்கும் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால், கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. ஐந்து வருடத் தவணைகளில் அதிகபட்சம் 1.80 லட்சம். சென்னையில் 35 லட்சத்துக்கு வீடு தேடுவது குதிரைக்கொம்பு. மதுரை, திருச்சி, நெல்லை ஓரங்களில் கிடைக்கும்.

விருதுநகர் அம்மாவின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. "பொண்ணு பேர்ல வாங்கினா நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு தவணை யார் கட்டுறதுன்னு அவங்க அப்பா யோசிக்கிறார்." அப்பாவிடம் சொல்லுங்கள் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் சம்பாதிப்பாள், அவளே கட்டுவாள். பத்திரத்தில் அவள் பெயர் இருக்கட்டும். சில வங்கிகள் பெண்களுக்கு வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கின்றன. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு. அதெல்லாம் சின்னக் காசு. தவணை கட்டுகிறவர் பெயர் பத்திரத்தில் இல்லாத வீடுகளின் கதை பல குடும்ப நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது பெரிய காசு. கணவன் மனைவி இருவரும் கட்டினால் இருவர் பெயரும் இருக்கட்டும், பாதிப் பாதி என்றால் அப்படியே எழுதிவிடுங்கள்.

இப்போதைக்கு அவளை வாடகை வீட்டிலேயே இருக்க விடுங்கள். தோழியோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிற இந்த இரண்டு மூன்று வருடம்தான் அவள் வாழ்க்கையில் அதிகம் சேமிக்கக்கூடிய காலம். வாடகை வீணாகிறது என்று எண்ணாதீர்கள். மாதம் எவ்வளவு தனியாகப் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை மாத இதழில் "எங்கள் முதல் வீடு" என்று பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கிரகப்பிரவேசப் படம் வேண்டாம், வீட்டு விலையும் வேண்டாம். லோன் போக மீதியை எப்படிச் சேர்த்தீர்கள், எத்தனை வருடம், எதை வாங்காமல் இருந்தீர்கள், யார் கொடுத்தார்கள், திருப்பியாகிவிட்டதா என்பதை எழுதுங்கள். பாதியில் விட்டவர்களும் எழுதலாம், அவர்கள் எழுதுவதைத்தான் நான் முதலில் படிப்பேன். கார்த்திகை முடிவதற்குள் கடிதம் எங்களுக்கு வந்து சேர வேண்டும். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் மேலே குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்